பூசணம் தானாக வருவதில்லை... முலாம்பழத்தை வைத்து நிரூபித்த மிகேலி: யார் இவர்?

மூன்று நாள் மறந்துபோன பிரட்டில் பச்சையாக ஒரு படலம். இது எங்கிருந்து வந்தது? இன்று பள்ளி மாணவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்: காற்றில் பறக்கும் பூஞ்சை ஸ்போர்கள்தான் காரணம். ஆனால் 300 ஆண்டுகளுக்கு முன்பு, அழுகும் பொருளில் பூசணம் தானாவே உருவாகிறது என்றுதான் படித்தவர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பழத்துண்டுகளை வைத்து அசைத்துப் பார்த்தவர் பியர் அந்தோனியோ மிகேலி.

யார் இந்த மிகேலி?

1679-ல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அறிவியல் நூல்கள் பெரும்பாலும் லத்தீன் மொழியில்தான் இருந்தன. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. தானே லத்தீன் படித்தார். செடி, கொடி, பாசி, காளான் என எதையும் விடாமல் தேடிச் சேகரித்தார். 1706-ல் டஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ தெ மெடிசி, அவரைத் தன் தாவரவியலாளராக நியமித்தார்.

அப்படி என்ன சோதனை?

பூசணத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, பொடிப் பொடியாக ஸ்போர்கள் தெரிந்தன. இவைதான் பூஞ்சையின் விதைகளா? மிகேலி அவற்றை எடுத்து, புதிதாக வெட்டிய முலாம்பழம், பேரிக்காய் போன்ற பழத்துண்டுகளில் தூவினார். எந்தப் பூசணத்தின் ஸ்போரைத் தூவினாரோ, அதே வகைப் பூசணம்தான் முளைத்தது. மாமரத்தில் மாங்காய்தானே காய்க்கும்? அதே கணக்குதான்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். எதுவும் தூவாத சில துண்டுகளிலும் பூசணம் வந்தது. சோதனை தோற்றுவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. ஸ்போர்கள் காற்றில் எங்கும் இருக்கின்றன, அவைதான் வந்து விழுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

பெயர் வைத்தது எப்படி?

ஒருவகைப் பூசணத்தில் நீளமான காம்பு, அதன் நுனியில் உருண்டைத் தலை, அதைச் சுற்றிச் சரம் சரமாக ஸ்போர்கள். கத்தோலிக்க ஆலயங்களில் பாதிரியார் தீர்த்தம் தெளிக்கும் கருவி மாதிரியே இருந்தது. அந்தக் கருவியின் லத்தீன் பெயரை வைத்தே 'ஆஸ்பெர்ஜில்லஸ்' என்று பெயரிட்டார். இன்றும் உலகம் முழுக்க அதே பெயர்தான்.

புத்தகம் போடவே போராட்டம்

1729-ல் 'நோவா பிளான்டாரம் ஜெனரா' என்ற நூலை வெளியிட்டார். சுமார் 1,900 தாவரங்கள்; அதில் கிட்டத்தட்ட 900 பூஞ்சைகளும் லைக்கன்களும். படங்களை அச்சிடப் பணம் இல்லாததால் புரவலர்களிடம் உதவி கேட்டு, ஒவ்வொரு படத்தையும் கொடுத்தவருக்கே அர்ப்பணித்தார். இரண்டாம் பாகம் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவே இல்லை. 1736-ல் வட இத்தாலிக்குச் செடி சேகரிக்கப் போன இடத்தில் நுரையீரல் உறை அழற்சி தாக்கியது. 1737 ஜனவரி தொடக்கத்தில், 57 வயதில் புளோரன்ஸில் காலமானார்.

அவர் சொன்னதை உலகம் உடனே ஏற்கவும் இல்லை. உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸே, 1767-ல் பூஞ்சை ஸ்போர்களைப் புழுக்களின் வரிசையில் சேர்த்தார். உயிர் தானாகத் தோன்றாது என்பதை 1860-களில் லூயி பாஸ்டர்தான் அழுத்தமாக நிறுவினார். அதற்குள் மிகேலி இறந்து 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போது மரபணு சொல்லும் கதை

மிகேலி பார்த்த அந்தத் 'தெளிப்பான்' எப்படி உருவாகிறது? இதற்கு ஆண், பெண் சேர்க்கை தேவையில்லை. ஒரே பூஞ்சை தன்னையே நகலெடுத்து ஸ்போர்களை உருவாக்குகிறது. இதுதான் பாலிலா இனப்பெருக்கம். ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலான்ஸ் என்ற வகையில் இந்த வேலையை நடத்துபவை முக்கியமாக மூன்று மரபணுக்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜான் கிளட்டர்பக் 1969-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. மரபணு கெட்டால் பூசணம் எப்படித் தெரிகிறதோ, அதுதான் பெயர்:

* பிரிஸ்டில்: இது கெட்டால் தலை உருவாகாது. காம்பு மட்டும் முடி மாதிரி நீண்டுகொண்டே போகும்.

* அபாகஸ்: இது கெட்டால் ஸ்போருக்குப் பதிலாக மணிச்சட்டத்தின் மணிகள் போல வீக்கங்கள் மட்டும் வரும்.

* வெட்: இது கெட்டால் ஸ்போர் உருவாகும், ஆனால் முதிராமல் கரைந்து ஈரமாகிவிடும்.

இதில் பிரிஸ்டில்தான் மெயின் சுவிட்ச். அது அபாகஸை இயக்க, அடுத்து வெட் வேலை செய்யும். திரவத்துக்குள் மூழ்கிய பூஞ்சை பொதுவாக ஸ்போர் விடாது. ஆனால் பிரிஸ்டில் மரபணுவை மட்டும் செயற்கையாக இயக்கியதும், அங்கேயும் ஸ்போர் உருவானது. இதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1988-ல் காட்டினார்கள்.

நமக்கு ஏன் முக்கியம்?

நிலக்கடலையில் அஃப்லாடாக்சின் நச்சை உண்டாக்குவது, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்குவது, சோயா சாஸ் தயாரிக்க உதவுவது... எல்லாமே ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகள்தான். இவை பரவுவது பெரும்பாலும் ஸ்போர்கள் மூலம்தான். அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் பரவலைத் தடுக்கும் வழியைத் தேட முடியும். பூசணத்துக்கும் விதை உண்டு என்று மிகேலி காட்டியதுதான் இந்தத் தேடலின் முதல் படி.