பார்வை போன பின்னும் பாடம் நடத்திய ஓவியர்

குழந்தைகளே! கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு யானைப் படம் வரைந்து பாருங்கள். தும்பிக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று போய்விடும் அல்லவா? ஆனால், பார்வை முழுவதும் போன பிறகும் கலையை விடாமல், மாணவர்களுக்குப் பாடம் நடத்திய ஓவியர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் பினோத் பிகாரி முகர்ஜி.

1904-ஆம் ஆண்டு, கொல்கத்தாவை அடுத்த பேஹாலாவில் பிறந்தார் பினோத். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. இன்னொரு கண்ணிலும் கிட்டப்பார்வைக் கோளாறு. எதையும் முகத்துக்கு அருகில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

கவி ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் நடத்திய பள்ளியில், 1917-ல் அவர் சேர்ந்தார். பின்னர் அங்கேயே 'கலா பவன்' என்ற கலைக்கல்லூரி தொடங்கப்பட்டது. அதில் ஓவியம் கற்க பினோத் ஆசைப்பட்டார். கண் சரியாகத் தெரியாத பிள்ளை எப்படி ஓவியம் கற்பான் என்ற சந்தேகம் எழுந்தது. ஆர்வம் இருந்தால் கற்கட்டும், தடுக்க வேண்டாம் என்பது தாகூரின் எண்ணம். புகழ்பெற்ற ஓவியர் நந்தலால் போஸ் அவருக்குக் குருவானார்.

மற்றவர்கள் ஒரு நொடியில் பார்ப்பதை, பினோத் வெகுநேரம் உற்றுப் பார்ப்பார். சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள செம்மண் பள்ளங்கள், பனைமரங்கள், ஏழைச் சந்தால் மக்கள் எல்லாம் அவர் ஓவியங்களில் இடம்பிடித்தன. 1925-ல் அங்கேயே ஆசிரியரும் ஆனார். பின்னாளில் திரைப்பட மேதையான சத்யஜித் ராய் அவரிடம் படித்தவர்தான்.

சாந்திநிகேதனில் உள்ள இந்தி பவனின் சுவர்களில் 1947-ல் அவர் வரைந்து முடித்த ஓவியம் மிகப் பெரியது. ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் போன்ற அருளாளர்களின் வாழ்க்கையை அதில் காட்டினார். ஈரமான சுண்ணாம்புப் பூச்சின்மீது, தண்ணீரில் குழைத்த வண்ணத்தால் வரையும் முறை அது. பூச்சு காய்வதற்குள் வரைந்துவிட வேண்டும். தவறு செய்தால் அழிக்க முடியாது. சுண்ணாம்பையே பெயர்த்தெடுக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வேலையை, சுவரில் முன்கூட்டியே கோடுகளைப் பதித்துக்கொள்ளாமல், நேரடியாகச் செய்தார் பினோத்!

பிறகு நேபாளத்தில் அருங்காட்சியகப் பணியிலும், ராஜஸ்தானில் ஆசிரியர் பணியிலும் சில காலம் இருந்தார். மனைவி லீலாவும் கலைஞர். இருவரும் சேர்ந்து, முசௌரி என்ற மலை ஊரில் சிறிய ஓவியப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினர்.

ஐம்பது வயதைக் கடந்திருந்த நேரம். இருந்த ஒரு கண்ணிலும் புரை வளர்ந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அது பலன் தரவில்லை. மிச்சமிருந்த பார்வையும் அடியோடு போய்விட்டது. வண்ணங்களோடு வாழ்ந்தவரைச் சுற்றி ஒரே இருட்டு!

ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? இனி இவர் என்ன செய்வார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால், பினோத் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1958-ல் மீண்டும் கலா பவனுக்கே திரும்பினார். இந்த முறை கலை வரலாறு கற்பித்தார். பல ஆண்டுகள் உற்றுப் பார்த்த ஓவியங்களும் சிற்பங்களும் அவர் மனதில் பதிந்திருந்தன. தான் ஒரு காலத்தில் கண்டதை எல்லாம் மாணவர்களுக்கு விளக்கிச் சொன்னார்.

அவர் கைகளும் சும்மா இருக்கவில்லை. காகிதத்தைத் தடவிப் பார்த்து, வெட்டி, ஒட்டிப் படங்கள் செய்தார். மெழுகைப் பிசைந்து சிறிய உருவங்கள் செய்தார். பேனாவால் கோட்டோவியங்களும் தீட்டினார். 1972-ல், உதவியாளர்களின் துணையோடு, கலா பவன் சுவர் ஒன்றில் பீங்கான் ஓடுகளால் பெரிய சித்திரம் ஒன்றையே உருவாக்கிவிட்டார்!

அதே ஆண்டில், சத்யஜித் ராய் தன் ஆசிரியரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள், 'அகக்கண்'. எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்!

1974-ல் மத்திய அரசு பினோத்துக்கு பத்மவிபூஷண் விருது வழங்கியது. 'சித்ரகர்' என்ற பெயரில், வங்காள மொழியில் தன் வாழ்க்கை அனுபவங்களையும் அவர் எழுதியிருக்கிறார். 1980 நவம்பரில், தனது 76-ஆம் வயதில் காலமானார்.

கண் நன்றாகத் தெரியும் நாம், ஒரு மரத்தையாவது முழுதாக உற்றுப் பார்த்திருக்கிறோமா? இன்று மாலை, உங்கள் தெருவில் உள்ள ஒரு மரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, அதை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். பினோத் எப்படிப் பாடம் நடத்தினார் என்பது உங்களுக்கே புரியும்!