செடிக்கு முன் அமர்ந்த டார்வின்

டார்வின் என்றாலே பலருக்குக் குரங்கும் பரிணாமமும்தான் ஞாபகம் வரும். ஆனால் வீட்டில் பூச்சட்டி வைத்திருக்கும் நாம தெரிஞ்சுக்க வேண்டிய டார்வின் ஒருத்தர் இருக்கார். அவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

சார்லஸ் டார்வின் 1809-இல் இங்கிலாந்தில் பிறந்தார். கப்பலில் உலகம் சுற்றி வந்த பிறகு, 1842-இல் கெண்ட் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டில் குடியேறினார். சாகும்வரை அங்கேதான். உடம்பு அடிக்கடி படுத்தியது. பல்கலைக்கழக வேலையும் இல்லை. வீடும் தோட்டமும்தான் அவருடைய ஆய்வுக்கூடம்.

1876-இல் மகன் பிரான்சிஸ் மனைவியைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அப்பாவும் மகனும் சேர்ந்து செடிகளை ஆராய ஆரம்பித்தார்கள். செடி ஏன் வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது என்பது அவர்களுடைய கேள்விகளில் ஒன்று.

பறவைக்குப் போடும் கேனரிப் புல் விதையை முளைக்க வைத்தார்கள். சில முளைகளின் நுனிக்கு வெளிச்சம் புகாத குல்லா போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் காட்டியபோது அவை பெரும்பாலும் வளையாமல் நின்றன. கண்ணாடிக் குல்லா போட்டவை வளைந்தன. ஆக, வெளிச்சத்தை உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழே. இதை 1880-இல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

ஜெர்மனியின் பெரிய தாவரவியல் பேராசிரியர் யூலியஸ் சாக்ஸ் இதை மதிக்கவே இல்லை. 1882-இல் டார்வின் இறந்துவிட்டார். 1920-களில் டச்சுக்காரர் ஃபிரிட்ஸ் வென்ட், முளை நுனிகளை அகர் அகர் கட்டிமேல் வைத்து, அதில் இறங்கிய வளர்ச்சிப் பொருளைக் காட்டினார். அதுதான் ஆக்சின். நிழல் பக்கம் அது கூடும். அந்தப் பக்கம் அதிகமாக நீளும். செடி வெளிச்சத்தை நோக்கிச் சாயும். வீட்டிலேயே சோதனை செய்த கிழவர் சொன்னது வீண் போகவில்லை.

இப்போ நம்ம அடுக்குமாடி வீட்டுக்கு வருவோம். தண்டு மெலிந்து நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தால், செடிக்கு வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். உரம் போட்டு அதைச் சரி பண்ண முடியாது, இடத்தை மாத்துங்க. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல வெயில் வேணும். பாண்டான் இலைச் செடி அரை நிழலிலும் வளரும். வாரம் ஒரு தடவை சட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பது என் பழக்கம். செடி நேராக நிற்கும்.

ஆய்வுக்கூடம் இல்லையேன்னு ஏங்கும் மாணவர்கள், ஒரு சட்டியையும் ஒரு பிடி பறவைத் தீனியையும் வைத்துத் தொடங்கலாம்.