மைதானத்துக்காக மலையை வெட்டிய அதிபர்

பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு மலரில் ஆண்கள் கல்லூரி அதிபர் ஒருவருக்கு என்ன வேலை என்று அக்காமார் சிலர் கேட்கக்கூடும். ஆனால் கண்டியில் படித்த எமக்கு அஸ்கிரிய மைதானம் அந்நியமான இடமல்ல. அண்ணாமாரும் தம்பிமாரும் விளையாடிய நாட்களில் தொண்டை அடைக்கும்வரை கத்தியிருக்கிறோம். 2007 டிசம்பரில் எங்கள் ஊர்ப்பிள்ளை முரளிதரன் ஷேன் வோர்னின் விக்கெட் சாதனையைத் தாண்டியதும் அங்கேதான். அந்த மைதானம் உருவாகக் காரணமாயிருந்தவர் வண. ஏ. ஜீ. பிரேசர்.

அலெக்சாண்டர் கார்டன் பிரேசர் 1873இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தார். தந்தை சேர் அன்ட்ரூ பிரேசர், வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர். மகனோ ஒக்ஸ்போர்டில் படித்துவிட்டு மிஷன் ஊழியத்துக்காக உகண்டா போனார். 1904இல் கண்டி திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்தபோது அவருக்கு முப்பதைச் சற்றே தாண்டிய வயது.

கல்லூரியில் கிரிக்கெட் முன்பே இருந்தது. றகரைப் பாடசாலைக்குக் கொண்டுவந்த பெருமை, கிங்ஸ்வூட் கல்லூரியை 1891இல் நிறுவிய எல். ஈ. பிளேஸ் அவர்களுக்கே உரியது, திரித்துவத்தார் கோபிக்கக்கூடாது. 1906இல் இரு கல்லூரிகளும் போகம்பறையில் மோதின. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றகர் போட்டி அது. வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

விளையாட ஆசையிருந்தாலும் கண்டியில் சமதரைக்கு எங்கே போவது? பிரேசரும் அவருடைய ஆசிரியர்களும் அஸ்கிரியச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பணத்துக்கு அலைந்து, வருடக்கணக்காக நடந்தது வேலை. 1915இல் மைதானம் திறக்கப்பட்டது. அதே இடத்தில் 1983இல் டெஸ்ட் போட்டி நடக்குமென்று அன்று யார் கண்டார்கள்!

மைதானத்தைவிட எமக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று. ஆங்கிலம்தான் சோறு போடும் என்று எம்மவரே நம்பிய காலத்தில், சிங்களத்தையும் தமிழையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் இந்த வெள்ளைக்காரர். சொந்த மொழி தெரியாதவனால் சொந்தச் சனத்துக்கு உதவ முடியாது என்பது அவர் எண்ணம். சிங்கள, தமிழ், முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் ஒரே விடுதியில் உண்டு, ஒரே அணியில் ஆடினார்கள். உகண்டாவிலிருந்தும் மாணவர் வந்தனர். மாணவர்களை நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளுக்கும் அனுப்பினார். வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு இது மிகவும் பிடித்த செய்தி. சனம் எப்படி வாழ்கிறது என்பதை நேரில் பாராமல் எந்த நோயும் விளங்காது.

குறையில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. பேரரசின் மீது பற்றுள்ள மனிதர். முதலாம் உலகப் போரில் தாமும் படைக் குருவாகப் போனார். கல்லூரியிலிருந்து சென்ற சிலர் திரும்பி வரவேயில்லை.

1924இல் கண்டியை விட்டு, இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட் நாட்டுக்குச் சென்று, அச்சிமோட்டா கல்லூரியின் முதல் அதிபரானார். அவருக்குத் துணை நின்றவர் ஆபிரிக்க அறிஞர் அக்ரே. அங்கே ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் சேர்ந்து படித்தனர். இதை வாசித்தபோது எமக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. கண்டியில் இருபது வருடம் இருந்தவர் ஆண்பிள்ளைகளுக்காக ஒரு மலையையே வெட்டினார். எமது பாட்டிமாருக்காக இந்த ஊரில் ஒரு மேட்டைக்கூட யாரும் வெட்டவில்லை. அவரைக் குறை சொல்ல நியாயமில்லை. அவர் அழைக்கப்பட்டது ஆண்கள் கல்லூரிக்கு. ஆனாலும் கல்லும் சரளையுமான முற்றத்தில் வலைப்பந்து ஆடி முழங்கால் தேய்ந்த எமக்கு, கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கண்டிய மரபில் கற்றூண்களோடு அவர் காலத்தில் தொடங்கிய சிற்றாலயம், அவர் போய்ப் பதினொரு வருடங்களுக்குப் பின், 1935இல்தான் அர்ப்பணிக்கப்பட்டது. பிரேசர் 1962இல் காலமானார்.