கட்டியவரும் வடித்தவரும்

கோயில் எழுப்புபவரையும் படிமம் வடிப்பவரையும் 'ஸ்தபதி' என்னும் ஒரே பெயரால் அழைப்பது நம் மரபு. பின்னாளையக் கல்விமுறை அவ்விரு கலைகளையும் வெவ்வேறு தொழில்களாக்கிவிட்டது. பிரிந்தவற்றை நட்பினால் மீண்டும் இணைத்தவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா.

1919இல் கொழும்பில் பிறந்த பாவா, இங்கிலாந்தில் பயின்று வழக்கறிஞரானார். ஆயினும் சட்டத்தில் அவர் உள்ளம் ஒட்டவில்லை. பெந்தோட்டைக்கு அருகே அவர் வாங்கிய லுனுகங்கத் தோட்டமே அவரைக் கட்டடக் கலைக்கு ஈர்த்தது. மீண்டும் இலண்டன் சென்று மாணவராகி, 1957இல், தம் 38ஆம் வயதில், கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார்.

அவருடைய அலுவலகத்தில் வரைபடம் வரையச் சேர்ந்த இளைஞர் லக்கி சேனநாயக்க. 1937இல் பிறந்தவர், பாவாவினும் 18 ஆண்டுகள் இளையவர். கட்டட வரைபடத்தில் மரத்தை வெறும் வட்டமாகக் குறிப்பது பொதுவழக்கு. லக்கியோ கிளையும் இலையுமாக, மரத்தின் இயல்பு தோன்ற வரைந்தார். பாவா அதனைத் தடுத்தாரில்லை. தம் அலுவலகத்தின் பாணியாகவே ஏற்றுக்கொண்டார். தோட்டமும் வீடும் வேறல்ல என்னும் அவர் கொள்கைக்கு அவ்வரைவே உருவம் தந்தது.

லக்கி சிற்பியாகத் தனிவழி சென்ற பின்னரும் உறவு அறவில்லை. 1982இல் திறக்கப்பெற்ற கோட்டே நாடாளுமன்ற அவையில், பனையினத்து ஓலைகளாய் விரியும் பெருவிளக்கு லக்கியின் ஆக்கம். கண்டலமை விடுதியின் படிக்கட்டில் சிறகு விரித்திருக்கும் ஆந்தையும் அவருடையதே. 1990களில் எழுந்த காலி லைட்ஹவுஸ் விடுதியிலோ, சுழன்றேறும் படிகளை ஒட்டி ஒரு போரே நிகழ்கிறது. சிங்களப் படையும் போர்த்துகீசியரும் 1630இல் ரந்தெனிவெலையில் மோதிய காட்சி அது. செம்பிலும் பித்தளையிலும் வீரர்கள் திமிறி மேலேறுகின்றனர். அவ்வீரர்கள் இன்றேல் படிக்கட்டு வெறும் ஏறுவழி. படிக்கட்டு இன்றேல் அவர்களுக்குப் போர்க்களம் இல்லை.

தமிழகமும் பாவாவின் கைவண்ணத்தை அறியும். 1970களில் மதுரை கிளப்பை அமைத்தார். சென்னை கன்னிமாரா விடுதிக்குப் புதுவடிவம் தந்தார்.

1998இல் பக்கவாதம் பாவாவை வீழ்த்தியது. 2001இல் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவரைத் தேடி வந்தது. 2003இல் மறைந்தார். லக்கி 2021இல் மறைந்தார்.

அக்கட்டடங்கள் இன்று பாவாவின் பெயரையே தாங்கி நிற்கின்றன. படியேறுவோருள் வடித்தவர் யாரென வினவுவோர் சிலரே. ஆயினும், எங்கே தாம் நிறுத்திக்கொண்டு பிறர் கைக்கு இடம்விட வேண்டும் என்பதை அறிந்திருந்ததே பாவாவின் மேதைமை. சொல்லைச் சுருக்கிப் பொருளுக்கு இடம்விடும் கவிஞர்க்கு இது புதிதன்று. பாவாவைப் போற்றுவோர் லக்கியின் பெயரையும் உடன் சேர்த்துச் சொல்லுதலே அந்நட்புக்குச் செய்யும் நேர்மையான அஞ்சலியாகும்.