இசையரங்கின் ஓவியர்

கேலிச்சித்திரம் என்றதும் நகைப்பே நம் நினைவுக்கு வரும். ஒருவருடைய நீண்ட மூக்கை மேலும் நீட்டியும், மெலிந்த உடலை மேலும் மெலித்தும் வரைந்தால் காண்போர் சிரிப்பர். வரையப்பட்டவர் மனமோ வருந்தும். ஆயினும், மிகைப்படுத்தி வரைவதன் வாயிலாகவே ஒருவரது உண்மையான இயல்பைக் காட்டவும் இயலும். அவ்வாறு காட்டியவர் துலூஸ் லோத்ரெக் என்னும் பிரெஞ்சு ஓவியர்.

இவர் 1864ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் தென் பிரான்சிலுள்ள ஆல்பி நகரில் பிறந்தார். பழம்பெருமை வாய்ந்த பிரபுக் குடும்பம் அது. வேட்டையும் குதிரையேற்றமும் அக்குடும்பத்து ஆடவர்க்கு உயிர். சிறுவன் ஹென்றிக்கோ அவை கிட்டவில்லை. 1878இல் அவன் கீழே விழுந்தபோது ஒரு தொடையெலும்பு முறிந்தது. மறு ஆண்டில் மற்றொன்றும் முறிந்தது. பிறவியிலேயே எலும்புகள் நலிந்திருந்தமையே இதற்குக் காரணம் என்று மருத்துவர் கருதுவர். அதன்பின் கால்கள் வளரவில்லை. உடலின் மேற்பகுதி வளர்ந்தும், அவரது உயரம் ஏறத்தாழ ஐந்தடியில் நின்றுவிட்டது. படுக்கையில் கிடந்த நாள்களில் தூரிகையும் வண்ணமுமே அவனுக்குத் துணையாயின.

1882இல் லோத்ரெக் பாரிசு நகரில் ஓவியப் பயிற்சி பெறத் தொடங்கினார். பின்னர் அந்நகரின் வடபால் உள்ள மோன்மார்த்ரு என்னும் குன்றுப் பகுதியில் வாழ்ந்தார். பாடலும் ஆடலும் நிறைந்த இசையரங்குகள் அங்கே பல இருந்தன. அவற்றுள் சிவப்புக் காற்றாலை என்று பொருள்படும் மூலான் ரூஜ் 1889இல் திறக்கப்பட்டது. இரவுதோறும் அங்குச் சென்று, ஒரு மேசையருகே அமர்ந்து, ஆடுவோரையும் பாடுவோரையும் கண நேரத்தில் கோடுகளால் பிடித்துவிடுவார். தெருவில் செல்லும்போது பிறரது பார்வையைத் தாங்கி வாழ்ந்தவர் அவர். ஆகவே, மேடையில் பலர் பார்க்க நிற்போரின் நிலை அவருக்கு நன்கு விளங்கிற்று. தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம் குறுகிய கால்களையும் பெரிய தலையையும் கேலிச்சித்திரங்களாகப் பன்முறை வரைந்தார்.

1891இல் மூலான் ரூஜ் அரங்கிற்காக அவர் முதற் சுவரொட்டியை வரைந்தார். லா கூலு என்னும் ஆடல்மகள் நடுவே சுழல, கூட்டம் பின்னால் கரிய நிழலாய் நிற்கும் படம் அது. அதன் படிகள் சுமார் 3,000 அச்சாகிப் பாரிசு எங்கும் ஒட்டப்பட்டன. ஒரே நாளில் ஊரறிந்த ஓவியரானார் அவர். இச்சுவரொட்டி கல்லச்சு முறையில் ஆனது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் நெய்ப்பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைப்பர். மை தடவினால் அது நெய்ப்பசையுள்ள இடத்தில் மட்டுமே ஒட்டும். வண்ணம் ஒவ்வொன்றிற்கும் தனிக்கல் வேண்டும். எனவே சில கோடுகளும் சில வண்ணங்களுமே கொண்டு முழு மனிதரையும் காட்ட வேண்டியிருந்தது. இக்கட்டுப்பாடே அவர் கலைக்கு வலிமை தந்தது.

அக்காலத்தில் இவெத் கில்பேர் என்னும் பாடகி பெரும்புகழ் பெற்றிருந்தார். மெலிந்த உடலும், நீண்ட கழுத்தும், முழங்கைக்கு மேலும் செல்லும் கரிய கையுறைகளும் அவரது அடையாளங்கள். 1893இல் வரைந்த ஒரு சுவரொட்டியில் லோத்ரெக் அவரது தலையை வரையாமலே விட்டார். கையுறைகளைக் கண்ட அளவிலேயே மக்கள் பாடகியை அறிந்துகொண்டனர். 1894இல் கில்பேருக்கென்றே ஒரு சுவரொட்டி தீட்டிக் காட்டினார். தம்மை இத்துணை அழகற்றவராக வரைந்தது பாடகிக்கு வருத்தம் அளித்தது. அதனை அவர் ஏற்க மறுத்தார். ஓவியர் மனம் தளரவில்லை. தம் கோட்டையும் மாற்றவில்லை. அதே ஆண்டில் கில்பேரின் உருவங்கள் பதினாறு கொண்ட கல்லச்சுத் தொகுதி ஒன்று வெளிவந்தது. நண்பர்கள் சினந்தனர். ஆனால் கில்பேரோ அதன் நூறு படிகளிலும் கையொப்பமிட்டார். பாட்டின் குறும்பும், மேடையின் களைப்பும், உள்ளத்தின் கூர்மையும் அக்கோடுகளில் இருந்தன.

மதுப்பழக்கம் லோத்ரெக்கின் உடலைக் கெடுத்தது. 1899இல் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அங்கே நினைவிலிருந்தே குதிரைகளும் கோமாளிகளும் நிறைந்த சர்க்கசுக் காட்சிகளை வரைந்து, தம் அறிவு தெளிவாய் உள்ளதென மெய்ப்பித்து வெளிவந்தார். எனினும் பழக்கம் மீண்டும் பற்றிக்கொண்டது. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், தாயின் மாளிகையில், தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். பெருங்கலையை ஆண்ட கை, ஒரு தீய பழக்கத்தை ஆள இயலாமற் போயிற்று.

அவருடைய தாயும் நண்பர் ஒருவரும் அளித்த படைப்புகளைக் கொண்டு 1922இல் ஆல்பியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கில்பேர் ஏற்க மறுத்த அச்சுவரொட்டிப் படமும் அங்கே போற்றிக் காக்கப்படுகிறது. பாடகியின் குரல் இன்று மேடையில் ஒலிப்பதில்லை. அவர் மேடையில் நின்ற நிலையை மட்டும் அக்கோடுகள் மறவாமல் காட்டுகின்றன.