உதைபந்தாசிரியர் சையத் அப்துல் ரஹீம்

செய்த வினையின் பயனைக் கொண்டே வினைசெய்தானை மதிப்பது உலகத்தார் இயல்பு. களத்திற் குவிந்த நெல்லைக் கண்டபின் உழவனைப் புகழ்வர். மழை பொய்த்த ஆண்டில் அவன் உழுத உழவை எவரும் எண்ணிப் பாரார். விளையாட்டுக் களத்திலும் இவ்வழக்கே நிலவுகின்றது. ஒரு குழுவைப் பழக்கும் ஆசிரியர் அதனை முன்னையினும் வலியதாக்கியிருக்கலாம்; பெயரறியா இளைஞரைத் தேர்ந்தெடுத்துப் பெருவீரராக்கியிருக்கலாம். ஆயினும் முடிவான கோப்பை கைக்கு வாராதாயின், அவரை நீக்கி வேறொருவரை அமர்த்துக என்னுங் குரல் எழுகின்றது. அக்குரல் நேரியதுதானோ? கோப்பை கொணராத நல்லாசிரியரை வைத்துக்கொள்வதா, விடுவதா? இவ்வினாவிற்கு விடை கூறுவதொரு வாழ்க்கை நம் நாட்டிலேயே உண்டு. ஹைதராபாத்து சையத் அப்துல் ரஹீம் அவர்களின் வாழ்க்கையே அது. அதனைச் சுருங்கக் கூறி, அவ்வழியே நம் வினாவையும் ஆராயப் புகுகின்றோம்.

ரஹீம் அவர்கள் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பட்டம் பெற்றார். அக்காலத்திலேயே உதைபந்தாட்டத்தில் சிறந்து விளங்கினார். பின்னர்ப் பள்ளி உபாத்தியாயராய் அமர்ந்தார். தேகப்பயிற்சிக் கல்வியும் கற்று அத்துறையில் இறங்கினார். களத்திற்கு வந்த பின்னரும் அவர் உபாத்தியாயராகவே இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு மாணாக்கனுக்கு எழுத்தறிவித்துச் சொல்லறிவித்துப் பின்னரே பொருளறிவிப்பதுபோல, பந்தைத் தடுத்தல், தட்டுதல், தக்க இடத்திற் சென்று நிற்றல் என ஒவ்வொன்றையும் முறைப்படக் கற்பித்தார்.

1940களின் தொடக்கத்தில் ஹைதராபாத்து உதைபந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசியானார். இறக்குமளவும் அப்பணியில் நின்றார். அக்காலத்தில் அவர் வகுத்த சில போட்டிகள் வியக்கத்தக்கவை. வலக்காற் பழக்கமுடையோர் இடக்காலாலேயே உதைக்கவேண்டும் என்றொரு போட்டி. பந்தைத் தாமே உருட்டிக்கொண்டு ஓடாமல் உடனுக்குடன் துணைவர்க்குத் தட்டிவிடவேண்டும் என்றொரு போட்டி. முன்னது ஒருவன் தன் குறையைத் தானே நிறைத்துக்கொள்வதற்கு. பின்னது தன்னலத்தை அடக்கிக் குழுநலத்தைப் பேணுவதற்கு. ஆட்டத்தையே ஒரு பாடமாக வகுக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

1950 முதல் ஹைதராபாத்து நகரப் போலீஸ் குழுவைப் பழக்கினார். அக்குழு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டியூராண்டுக் கோப்பையையும் கவர்ந்தது. இஃதொருபுறமிருக்க, மாகாணங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஹைதராபாத்து 1949, 1950 ஆகிய ஈராண்டும் இறுதி ஆட்டம் வரை வந்து வங்காளத்திடம் தோற்றது. அக்கோப்பையை அவர் ஊரார் கண்ணாற் கண்டது 1956ஆம் ஆண்டிலேயாம். மறு ஆண்டும் அவர்களே வென்றனர். இடையிற் கழிந்த ஆண்டுகளில் அவரைச் சங்கத்தார் கைவிட்டாரல்லர். பொறுத்தார் பெறும் பயனுக்கு இதுவே முதற் சான்றாகும்.

இனி நாட்டின் குழுவைப் பற்றிக் கூறுவாம். 1951இல் புதுடில்லியில் முதலாவது ஆசியப் பந்தயங்கள் நடைபெற்றன. ரஹீம் பழக்கிய இந்தியக் குழு, சைலேன் மன்னா தலைமையில் ஆடி, இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று பொற்பதக்கம் பெற்றது. மேவாலால் அந்த ஒரு கோலை அடித்தார். ஊரெங்கும் மகிழ்ச்சி பொங்கியது. ஆயின் அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. மறு ஆண்டே, 1952இல், பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று முறியடித்தது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம்மவர் சிலர் வெறுங்காலோடு ஆடினர். பொற்பதக்கம் பெற்ற ஆசிரியர் பதினேழு மாதத்திற்குள் பத்துக் கோல்களை ஏற்று நின்றார்.

அந்நாளில் அவரை நீக்கியிருந்தால் குறைகூறுவார் எவருமிலர். ஆயினும் அத்தோல்வியால் ஒரு நன்மை விளைந்தது. நம் நாட்டு ஆட்டக்காரர் பாதணி அணிந்தே ஆடவேண்டும் என்ற விதி அதன்பின் ஏற்பட்டது. பல்லாண்டு பேசியும் முடியாத சீர்திருத்தத்தை ஒரு தோல்வி முடித்துவைத்தது.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் வந்தது. முதற் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலே முன்னேறியது. இதனை நாம் மறைத்தல் முறையன்று. ஆயின் டிஸம்பர் 1ஆம் நாள் கால்-இறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது நல்வினைப்பயன் மட்டுமன்று. நெவில் டிஸூஸா அன்று 3 கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்கில் ஓராட்டத்தில் மூன்று கோலடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதற் கோலையும் இந்தியாவே அடித்தது. எனினும் முடிவில் 4-1 என்று தோற்றது. வெண்கலப் பதக்கத்திற்காகப் பல்கேரியாவோடு ஆடி 3-0 என்று அதையும் இழந்தது. நான்காம் இடம். ஆசியாவிலிருந்து ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் நாடு என்ற பெருமை கிட்டியது. கையில் ஒரு பதக்கமுமில்லை.

1960இல் ரோமாபுரி ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி. பிரான்சோடு 1-1 என்று சமநிலை. பெருநாட்டினரிடம் 3-1 என்று தோல்வி. ஓராட்டமும் வெல்லாமல் நம்மவர் திரும்பினர். இதற்கிடையே 1954இல் மணிலாவிலும், 1958இல் டோக்கியோவிலும் நடந்த ஆசியப் பந்தயங்களிலும் இந்தியாவிற்குப் பதக்கம் வாய்க்கவில்லை. ஆக, 1951க்குப் பின் நெடுங்காலம், ஒலிம்பிக்கிலோ ஆசியப் பந்தயத்திலோ இந்தியக் குழுவிற்கு மகுடம் இல்லை. நாம் தொடக்கத்திற் கேட்ட வினா இங்கே கூர்மையடைகின்றது.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1952இல் யுகோஸ்லாவியாவிடம் 9 கோல் வேற்றுமையில் தோற்றோம். 1956இல் அதே நாட்டினிடம் 3 கோல் வேற்றுமையில் தோற்றோம். 1960இல், அவ்வொலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் ஒரே கோலில் தோற்றோம். பதக்கப்பட்டியலை மட்டும் நோக்குவார்க்கு மூன்றும் தோல்வியே. ஆட்டத்தை நோக்குவார்க்கோ, ஒருவன் படியேறிக்கொண்டிருப்பது தெரியும். பிரேஸில் நாட்டினர் 1958இல் உலகக்கோப்பையை வென்றபொழுது கையாண்ட, பின்னால் நால்வர், இடையில் இருவர், முன்னால் நால்வர் என்னும் அணிவகுப்பை நம் நாட்டு இளைஞர்க்குப் பழக்கியவர்களுள் ரஹீம் முதன்மையானவர். உலகம் கற்றதை உடனுக்குடன் தாமும் கற்று, அதனைத் தம் மாணாக்கர் கால்களில் ஏற்றினார்.

அம்மாணாக்கருள் தமிழரும் உளர். துளசிதாஸ் பலராமன் சிக்கந்தராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர், வறுமையில் வளர்ந்தவர். பயிற்சிக்கு வந்துபோக மிதிவண்டி வாடகைக்கும் அவரிடம் பொருளில்லாதிருந்ததாகவும், ரஹீம் அவர்களே அதனை உதவி அவரை வரவழைத்ததாகவும் கூறுவர். மெல்போர்னில் ஆடச் சென்றபொழுது பலராமனுக்கு வயது 20. ஏறத்தாழ நம் வயது. கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெல்லிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவின் குழுவில் ஆடிப் புகழ்பெற்றவர். அக்குழு 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டியூராண்டுக் கோப்பையை வென்றது. இத்தகையோரைத் தேடித் திரட்டிப் பல்லாண்டு ஒருங்கு பழக்கிய உழைப்பு பதக்கப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ரோமாபுரிக்குச் சென்ற குழுவில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆயினும் அவருக்கு அங்கே ஓராட்டத்திலும் ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை. தந்தை ஆசிரியராயிருந்தும் தனயனுக்குச் சலுகை இல்லை.

ஆசிரியனை மாணாக்கர் வழியே அறிதல் நம் பாண்டிநாட்டுக்குப் புதியதன்று. மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியிலுள்ள சமண மலையில் ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. குணசேனதேவர் என்னும் ஆசிரியரின் மாணாக்கர் செய்வித்த திருமேனிகள் என அவற்றுட் சில கூறுகின்றன. அவ்வாசிரியர் எத்தனை வாதில் வென்றார் என்ற கணக்கு அங்கே இல்லை. அவர்க்கு மாணாக்கர் இருந்தனர் என்பதே கல்லில் நிற்கின்றது. இன்று அம்மலையடிவாரத்து ஊர்களில் மாலைவேளையிற் பந்துதைக்கும் சிறுவர்க்கும், ஒரு நல்ல பயிற்சியாசிரியர் வாய்ப்பாராயின், அவர் கொணரும் கோப்பையினும் அவர் ஆக்கும் ஆட்டமே பெரிதாகும்.

ஆயின் ரஹீம் அவர்களின் வாழ்வு ரோமாபுரியோடு முடியவில்லை. 1962இல் இந்தோனேசியத் தலைநகர் ஜக்கார்த்தாவில் ஆசியப் பந்தயங்கள் நடைபெற்றன. அப்பொழுதே புற்றுநோய் அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தது. முதலாட்டத்தில் தென்கொரியா இந்தியாவை 2-0 என்று வென்றது. அதன்பின் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் நம்மவர் வென்றனர். தாய்லாந்தோடு ஆடியபொழுது பின்னணிக் காவலர் ஜர்னையில் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. பிறர் அவரை ஓய்வுகொள்ள விட்டிருப்பர். ரஹீமோ அவரை முன்னணியில் நிறுத்தினார். அவர் அரையிறுதியிலும் ஒரு கோல் அடித்தார். தென்வியத்நாம் 3-2 என்று வீழ்ந்தது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிர்நின்றது முதலாட்டத்தில் நம்மை வென்ற தென்கொரியாவே. இஸ்ரேலும் தைவானும் அப்பந்தயங்களிற் கலந்துகொள்ளாதவாறு தடுக்கப்பட்டதை இந்தியரான குரு தத் சோந்தி கண்டித்தமையால், ஜக்கார்த்தா மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். இலட்சம் பேர் கூடிய அரங்கில் நம்மவர்க்கு எதிரான கூச்சலே மிகுதி. பாகிஸ்தான் ஹாக்கிக் குழுவினர் மட்டும் இந்தியர்க்காக ஆரவாரித்தனர் என்பர். உடல்நலங் குன்றியிருந்த தங்கராஜ் அன்று கோல் காத்தார். பி. கே. பானர்ஜி ஒரு கோலும், தையலிட்ட தலையோடு ஜர்னையில் சிங் ஒரு கோலும் அடித்தனர். 2-1 என்று வென்று, சுனி கோஸ்வாமி தலைமையில் இந்தியா பொன் பெற்றது. ஒன்பது மாதங் கழித்து, 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், 53ஆம் வயதில் ரஹீம் இவ்வுலகை நீத்தார்.

நம் ஆண்டவர் உரைத்த அத்திமர உவமையை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். மூன்றாண்டு கனிகாணாத உடையவன் மரத்தை வெட்டச் சொல்கின்றான். தோட்டக்காரனோ, இன்னும் ஓராண்டு விட்டுவைக்குமாறு மன்றாடுகின்றான். அவன் வெறும் இரக்கத்தால் மட்டும் வேண்டினானல்லன். வேரைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாக வாக்களிக்கின்றான். பின்னும் காயாவிடில் வெட்டுக என்று ஒப்புக்கொள்கின்றான். கோப்பை பெறாத பயிற்சியாசிரியரை மதிக்கும் அளவுகோலும் இதுவேயென்று துணிகின்றோம். தோற்றாரா என்று கேட்பது போதாது. தோல்விக்குப்பின் கொத்தினாரா, எருவிட்டாரா என்று கேட்கவேண்டும். ஒவ்வொரு தோல்வியிலிருந்தும் ஒரு பாடங் கற்று, இளைஞரைப் புதிதாக ஆக்கி, வேற்றுமையைக் குறைத்துக்கொண்டே வருபவரை வைத்துக்கொள்வதே அறிவு. தோற்றதற்குப் பிறர்மேற் பழிசுமத்தி, சென்ற ஆண்டு செய்ததையே இவ்வாண்டும் செய்பவர்க்கு, முன்பெற்ற கோப்பைகள் பலவாயினும் விடைகொடுப்பதே நன்று. வள்ளுவர் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்தில் ஆராய்ந்து ஒப்படைத்தலை வற்புறுத்தியதும் இக்கருத்துப் பற்றியேயாம்.

இதற்கு மறுதலையான காட்சியும் உலகிலுண்டு. ஹங்கேரியின் குஸ்தாவ் செபெஷ் 1952இல் ஒலிம்பிக் பொன் வென்றவர், 1954 உலகக்கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றார், 1956இல் நீக்கப்பட்டார். அதன்பின் ஹங்கேரி உலகக்கோப்பை இறுதியாட்டத்தை எட்டவேயில்லை. அவ்வாண்டு நிகழ்ந்த கிளர்ச்சியால் பெருவீரர் சிலர் நாடு திரும்பாமையும் அதற்குக் காரணமாதலின், முழுப்பழியையும் நீக்கத்தின்மேல் ஏற்றுதல் நடுநிலையன்று. எனினும் ஓராட்டத்தின் முடிவு ஓராசிரியரின் முழு அளவாகாது என்பது அங்கும் விளங்கும்.

ரஹீமை வைத்துக்கொண்ட நாடு மற்றொன்றைச் செய்யத் தவறியது. அவர் அறிந்ததைப் பலருக்குப் பரப்பும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. அவர் மாணாக்கராகிய பி. கே. பானர்ஜியின் பயிற்சியில் 1970இல் பாங்காக்கில் வெண்கலம் கிட்டியது. ஆசியப் பந்தயப் பொன்னோ 1962க்குப் பின் திரும்பவில்லை. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் 1960க்குப் பின் இந்தியா இடம்பெறவுமில்லை. நல்லாசிரியரை நிலைநிறுத்துதல் பாதிக் கடமை; அவர் இருக்கும்பொழுதே அவர்பின் நிற்பாரை ஆக்குதல் மறுபாதி.

ஆதலின், ஆட்டத்தில் தோற்று மீளும் நாளில் நாம் ஆசிரியரைக் குறைகூறுமுன், அவர் நம்மைச் சென்ற ஆண்டினும் சிறந்தவராக்கினாரா என்று நெஞ்சறியக் கேட்போமாக. ஆக்கியிருப்பின், அவர்க்கு இன்னும் ஓராண்டு கொடுப்போமாக. அவ்வாண்டில் கொத்தும் வேலையில் நாமும் கைகொடுப்போமாக.