எளியோர்க்கு எழுந்த சுவர்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917ஆம் ஆண்டு பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், காந்தியடிகளைச் சந்தித்த பின் இந்தியாவையே தாயகமாகக் கொண்டார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் வீடு கட்டவேண்டும் என்னும் அடிகளின் கருத்து, அவருடைய வாழ்நாள் ஆய்வாயிற்று.

செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சியது; இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுத்தது. கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டின் அளவைக் குறைத்தார். திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்கள் அவரது திறனுக்குச் சான்றாக நிற்கின்றன.

1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007இல் மறைந்தார். வெயில் காயும் மல்லாங்கிணறு போன்ற ஊர்களில் கடன்பட்டு வீடு கட்டும் உழைப்பாளிக்கு, மிஞ்சும் ஒவ்வொரு செங்கல்லும் மிஞ்சிய கூலியே ஆகும்.